மயிர்க்கால் வழியே மருந்துத் துகள்களை ஆழமாகச் செலுத்தும் முறை

உடலின் பெரும்பகுதியில் மயிர்க்கால்களின் வாய்கள் தோல் பரப்பில் ஏறத்தாழ 0.1 சதவீத இடத்தை மட்டுமே பிடிப்பதால், அவ்வழியே செல்லும் மருந்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் மயிர்க்கால் ஒரு சேமிப்பிடமாகவும் விளங்குகிறது. தோலின் மேற்படலத்தில் தங்கும் மருந்து துணி உரசலிலும் குளியலிலும் போய்விட, மயிர்க்காலுக்குள் இறங்கியது நாள்கணக்கில் தங்குகிறது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது துகளின் அளவு. எவ்வளவு சிறிதோ அவ்வளவு ஆழம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் யூர்கன் லாடமான் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 320 நானோமீட்டர் அளவுள்ள சாயமேற்றிய துகள்களைப் பன்றித் தோலில் பூசித் தேய்த்தபோது, துகளில் ஏற்றப்படாத அதே சாயத்தைவிட அவை மிக ஆழமாக இறங்கின. தேய்க்காதபோது அந்த வேறுபாடே காணப்படவில்லை. முடியின் மேற்புறச் செதில்கள் முடி அசையும்போது தம் அளவையொத்த துகள்களை உள்நோக்கித் தள்ளுகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். அதே குழு 2011-இல் 122 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான துகள்களை ஒப்பிட்டபோது, 640 நானோமீட்டரை ஒட்டியவையே மிக ஆழம் சென்றன. ஆகவே ஆழமே நோக்கமானால் 600 நானோமீட்டரை ஒட்டித் தொடங்கி, அதற்கு மேலும் கீழும் ஓரிரு அளவுகளைச் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

துகளைத் தயாரித்தவுடன் நீரில் அளந்த அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. பூசப்போகும் ஜெல்லில் கலந்து ஒரு நாள் வைத்த பின்னும் துகள்கள் திரளாமல் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். திரண்டுவிட்டால் நீங்கள் தேர்ந்த அளவுக்குப் பொருளே இல்லாமல் போகும். துகளின் இருப்பிடத்தைக் காண அதில் ஏற்றிய சாயம் வெளியே கசிகிறதா என்பதையும் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கசிந்த சாயம் தானாக உள்ளிறங்கினாலும் நுண்ணோக்கியில் அது துகள் இறங்கியதைப் போலவே தெரியும்.

சோதனைக்குப் பன்றிக் காது ஏற்றது. வெட்டியெடுத்த மனிதத் தோல் சுருங்கி மயிர்க்கால்களை நெருக்கிவிடுகிறது. காதின் குருத்தெலும்பு அப்படிச் சுருங்கவிடுவதில்லை. ஆகவே தோலை உரிக்காமல் குருத்தெலும்போடேயே வைத்திருக்க வேண்டும். இறைச்சிக்கூடத்தில் வெந்நீரில் முக்குவதற்கு முன்பே காதை வாங்குவது முக்கியம், வெந்த தோலின் தடுப்புத்திறன் கெட்டிருக்கும். குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றியெடுத்து, முடியைப் பிடுங்காமல் கத்தரியால் குட்டையாக நறுக்க வேண்டும்.

துகள் கலந்த ஜெல்லை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசி, கையுறை அணிந்த விரலால் ஒரே அழுத்தத்தில் சில நிமிடங்கள் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கை மாறினால் அழுத்தமும் மாறும் என்பதால், எல்லாக் காதுகளையும் ஒருவரே தேய்ப்பது நல்லது. துகளும் துகளற்ற சாயமும், தேய்த்தும் தேய்க்காமலும் என நான்கு தொகுதிகள் இல்லாமல் எந்த முடிவுக்கும் வர இயலாது.

மயிர்க்காலில் சேர்ந்ததைப் பிரித்தளப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். முதலில் ஒட்டுநாடாவை உருளையால் அழுத்திச் சட்டென இழுத்து, மேற்படலம் பெரும்பாலும் நீங்கும்வரை மீண்டும் மீண்டும் உரிக்க வேண்டும். பின்னர் ஒரு துளி சயனோஅக்ரிலேட் பசையை (விரைவில் இறுகும் சூப்பர் குளூ வகை) வைத்து, அதன்மேல் கண்ணாடித் தகட்டை அழுத்தி, பசை நன்கு இறுகிய பின் ஒரே வீச்சில் தூக்கினால், மயிர்க்கால்களின் உள்ளடக்கம் சிறு முட்களாகத் தகட்டில் நிமிர்ந்து நிற்கும். அதைக் கரைப்பானில் கரைத்து மருந்தை அளக்கலாம். ஆழத்தை அறிய உறையவைத்த வெட்டுத்துண்டுகள் தேவை. கத்தி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிச் சென்றால் சாயத்தையும் கூடவே இழுத்துச் செல்லும் என்பதால், உள்ளிருந்து மேல்நோக்கியே வெட்ட வேண்டும். உதிர்ந்த செல்களும் எண்ணெய்ப்பசையும் அடைத்த மயிர்க்கால்கள் வெறுமையாகவே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிடாமல், திறந்தவை எத்தனை, அடைத்தவை எத்தனை என்று பதிவு செய்வதே நேர்மையானது.

இவ்வளவு பெரிய துகள் ஆழத்தில் போய் நின்றாலும், மயிர்க்காலின் சுவரைக் கடந்து உயிர்த்திசுவுக்குள் முழுதாக நுழைந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. அங்கே அது மருந்தை விடுவித்தாக வேண்டும். எனவே ஜெல்லில் மருந்தைப் பிடித்துக்கொண்டும், 32 டிகிரி செல்சியசில் செயற்கைத் தோலெண்ணெயில் விடுவித்தும் நடந்துகொள்ளும் பாலிமரை, அதாவது துகளை உருவாக்கும் மூலப்பொருளை, தேர்ந்தெடுப்பது, துகளின் அளவைச் செம்மைப்படுத்துவதைவிடக் கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்விக்குப் பன்றிக் காது விடை தராது, அறுத்த காதில் எண்ணெய்ச் சுரப்பும் முடி வளர்ச்சியும் நின்றுபோயிருக்கும். அதே 2007 ஆய்வில் மனிதத் தோலில் துகள்கள் 10 நாள் வரையிலும், துகளற்ற சாயம் 4 நாள் வரையிலும் மயிர்க்கால்களில் கண்டறியப்பட்டன. அவ்வகைச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு தன்னார்வலர்களைச் சேர்த்து, எல்லோருக்கும் உடலின் ஒரே இடத்தில் பூச வேண்டும். நெற்றியில் சதுர சென்டிமீட்டருக்கு 290 அளவிலும் கெண்டைக்காலில் 14 அளவிலும் மயிர்க்கால்கள் இருப்பதால், இடம் மாறினால் எண்களை ஒப்பிடவே முடியாது.