கடைக்கு மேலே நிற்கும் வீடு

இலண்டனில் பழைய செங்கல் சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தில் பாயிண்டிங் செய்வது, அதாவது கற்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளை நிரப்பிப் பூசுவது, என் வேலை. ஊரிலிருந்து வருகிறவர்களைக் கிழக்கு இலண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் கூட்டிப்போனால் கடைக் கண்ணாடியோடு நின்றுவிடுகிறார்கள். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்ப் பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள். வீடு அங்கேதான் இருக்கிறது.

முதல் மாடி ஜன்னல்கள் பெரும்பாலும் நெட்டையாக இருக்கும். விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் அது. மேலே போகப் போகக் குட்டையாகும். உச்சியில் மட்டும் அகலமான ஜன்னல் இருந்தால், பட்டுத்தறிக்கு வெளிச்சம் வேண்டி வைத்ததாக இருக்கலாம். பிரான்சிலிருந்து தப்பிவந்த ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு) நெசவாளர்கள் குடியிருந்த பகுதி இது.

அடைத்த ஜன்னலைக் கண்டதும், ஜன்னல்களை எண்ணி வாங்கிய ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று முடிவு கட்டவேண்டாம். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மைதான். ஆனால் முகப்பின் அழகுக்காகக் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்தவர்களும் உண்டு. ஓரத்தைப் பாருங்கள். அடைப்புக் கல் பக்கச் சுவரோடு பின்னிப் போயிருந்தால் ஆதியிலேயே வைத்தது. நேர்கோடாக இடுக்கு இறங்கினால் பிறகு அடைத்ததாக இருக்கலாம்.

ஜன்னல் தலைக்கு மேலுள்ள செங்கற்களை நிதானமாகப் பாருங்கள், எனக்கு உயிரான இடம் அது. மென்மையான கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்து ஆப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்து, நூல் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு வைத்துச் சேர்த்திருப்பார்கள். நல்ல வேலையில் அந்த இடுக்குக்குள் காசு நுழையாது.

அப்புறம் முக்கியமான இடம், கடையும் வீடும் சேரும் மட்டம். இதே பகுதியில் ஆர்ட்டிலரி லேன் தெருவின் 56-ஆம் எண் வீட்டில் 1750களிலேயே அழகான கடை முகப்பு வைத்துவிட்டார்கள். பல வீடுகளில் பின்னாளில்தான் கீழ்ச் சுவரை எடுத்துவிட்டு, மாடிகளின் எடையை ஒரே உத்தரத்தில் ஏற்றினார்கள். போன் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பலகைக்கு மேலுள்ள செங்கல் வரியின் இரு முனைகளோடு பொருத்துங்கள். நடுவில் வரி தொங்கினால் உத்தரம் வளைந்திருக்கலாம்.

ஒரு கடையில் பலகையைக் கழற்றியபோது சுவருக்குள் இருந்த உத்தர முனை ஊறிய அவலாகக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை இறங்கியது. மேலே முழுக்க சிமென்ட் பாயிண்டிங். சுண்ணாம்பு இடுக்கு வழியாக ஈரம் வெளியேறும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், கல்லின் முகமும் உதிரும். அதனால் இடுக்கு சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்து, பக்கத்துக் கல் பொரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, உள்ளே போனால் முதலில் கூரையோரப் பூவேலையைத் தேடுங்கள். அது ஒரு தடுப்புச் சுவரில் முட்டி அறுந்துபோனால் அந்தச் சுவர் பிறகு வந்தது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு தடுப்புக்கு அந்தப்பக்கமும் எட்டிப் பாருங்கள், மிச்சப் பூவேலை அங்கே தொடரலாம்.