அப்பப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு: கட்டையைப் புதுப்பிப்பதும் கூலியை வாங்குவதும்

கொழும்பில் பழைய தளபாடம் திருத்துகிற எவரிடமும், தேக்கு அலுமாரி, சாய்மனைக் கதிரை, ஊஞ்சல் பலகை என்று செய்துகொண்டிருக்கிற நேரத்தில், வருடத்தில் ஓரிருவராவது வந்து இப்படிக் கேட்பார்கள்: "தம்பி, அப்பப்பாட துவக்கு ஒண்டு வீட்டில இருக்கு, கட்டையெல்லாம் கறுத்துப்போச்சு, வடிவாச் செய்து தருவீங்களா?" செய்யலாம். நல்ல வேலை, மனதுக்குப் பிடித்த வேலை, கூலியும் உண்டு. ஆனால் அலுமாரிக்குப் பழகிய முறையில் இதைச் செய்யப் போனால் ஒன்றில் சட்டத்தில் மாட்டுவீர்கள், இல்லாவிட்டால் காசு வராது.

ஏன் காசு வராது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அலுமாரிக்காரர் மிச்சக் காசைத் தராவிட்டால் அலுமாரி நம்மிடமே நிற்கும், அதுதான் நமக்குப் பிணை. துவக்கை அப்படி ஒரு இரவுகூடப் பட்டறையில் வைத்திருக்க முடியாது, ஏனென்றால் அனுமதி நம் பெயரில் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இங்கே நடைமுறையில் இருப்பது. வைத்திருக்கவும் லைசன்ஸ் வேண்டும், துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்யவும் தனி லைசன்ஸ் வேண்டும். அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றே ஒன்று: இரும்பு என் பட்டறை வாசலைத் தாண்டாது. லைசன்ஸ் உள்ள துவக்குத் திருத்துநரிடம் உரிமையாளரே துவக்கைக் கொண்டுபோவார், அவர் கட்டையைக் கழற்றுவார், அந்த மரம் மட்டும் என்னிடம் வரும். துவக்கு என் கையில் இல்லை, காசு முடியும்வரை அந்த மரத்தைத்தான் பிணையாக வைத்திருக்கிறேன்.

வேலையை ஒப்புக்கொள்ள முதல் லைசன்ஸைக் கண்ணால் பாருங்கள். யாருடைய பெயர், இந்த வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்களா, அதில் உள்ள இலக்கமும் துவக்கில் உள்ள இலக்கமும் ஒன்றா. அப்பப்பா இறந்து லைசன்ஸ் இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தால், பொலிஸிலும் லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்திலும் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லுங்கள். பரண் துப்புரவாக்கும்போது அகப்பட்டது, கடதாசி ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அதைத் தொடவே வேண்டாம், அவர்களும் அதைச் சீலையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றித் திரிய வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு பொலிஸுக்கு அறிவிப்பதுதான் வழி. பழசுதானே, சுடாதுதானே என்பது நம் நாட்டில் சொல்லிப் பார்க்கக்கூடிய காரணம் அல்ல.

விலை சொல்வதற்காக நான் பார்க்கப் போவது திருத்துநரின் இடத்துக்குத்தான். அவர் துவக்கை மடித்துத் திறந்து இரண்டு குழலும் வெறுமையாக இருப்பதைக் காட்டுவார், நானும் குனிந்து ஒருமுறை பார்ப்பேன். அவரில் நம்பிக்கை இல்லாமல் அல்ல, முப்பது வருடமாக யாரும் திறக்காத துவக்கில் தோட்டா அப்படியே இருந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். குழலின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும், கைப்பேசியில் கிட்டவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள பழைய துவக்குகளில் பல இங்கிலாந்திலிருந்து வந்தவை, பர்மிங்காமிலோ லண்டனிலோ சோதித்து முத்திரை குத்தியவை. 'நொட் ஃபோர் போல்' (உருண்டைக் குண்டுக்கு அல்ல) என்று வெட்டியிருந்தால் அது 1875க்கும் 1887க்கும் இடையில் சோதித்த குழல். 12 என்று இருந்தால் ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு துளை, ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அதுவரை மூலையில் கிடந்த இரும்பாக இருந்தது அவர்கள் கண்ணில் வேறொன்றாகிவிடும்.

குழலில் கைரேகை மாதிரிச் சுழிச் சுழியாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் நாடாவாக்கி முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, சூட்டில் அடித்து ஒட்டியது. வெளியே எவ்வளவு வடிவாக இருந்தாலும் உள்ளே துரு எங்கெங்கே தின்றிருக்கிறது என்று வெளியில் நின்று சொல்ல முடியாது, இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்ததும் அல்ல. "இதைச் சுடலாமா?" என்று கேட்பார்கள். மரவேலைக்காரர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. திருத்துநரிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொன்றையும் வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள்: இரட்டைக்குழலைப் புதுசு மாதிரிக் கறுப்பாக்கித் தருகிறோம் என்று கொதிக்கிற காரத் தொட்டியில் போட யாராவது கேட்டால் விடவேண்டாம். பழைய குழல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஈயப்பற்று, காரம் அதைத் தின்றுவிடும். டமாஸ்கஸ் என்றால் அந்தக் கோலமும் போய்விடும்.

இனி மரம். கட்டை கைக்கு வந்ததும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பழைய காயங்களை ஒன்றொன்றாக எழுதி, கொண்டுவந்தவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பெரும்பாலும் வால்நட் மரமாக இருக்கும். கறுப்பு என்று அவர்கள் சொல்வது மரத்தின் நிறமே அல்ல, கை அழுக்கு, புகை, பிறகு யாரோ ஒரு தச்சர் பூசிய வார்னிஷ் எல்லாம் சேர்ந்த தோல். டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அழுக்கு மட்டும் வந்தால் அதோடு நிறுத்தலாம். வார்னிஷ் என்றால் ரிமூவர் பூசி, மர ஈர்க்கால் அல்லது பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல வழித்தெடுங்கள், தகட்டுச் சுரண்டியை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

இரும்போடு பொருந்துகிற முன்தலைப் பக்கம் வேறுவிதமாகக் கறுத்திருக்கும். வருடக்கணக்காக இரும்புக்கு விட்ட எண்ணெய் அங்கே இறங்கி ஊறி, மரம் மெத்துப்பட்டுப் போயிருக்கும். சோக்குத் தூளை அசிட்டோனில் குழைத்துத் தோசை மா பதத்தில் அப்பி, காயவிட்டு, தட்டிவிட்டுத் திரும்ப அப்ப வேண்டும். முதல் தரம் தூள் பழுப்பாக வரும், நாலாம் ஐந்தாம் தரம் வெள்ளையாகவே உதிரும், அப்போது போதும். யன்னல் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். இந்த எண்ணெய் போகாமல் எந்தப் பசையும் வெடிப்பில் பிடிக்காது.

நசுங்கிய இடங்களைத் தேய்த்துச் சமன் செய்யப் போகாதீர்கள், அங்கே மரம் அமுங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. ஈரத் துணியை மடித்து வைத்து அயன் பெட்டியின் நுனியால் சில விநாடி அழுத்த, ஆவி உள்ளே போய் நார் தானாக எழும்பும். சூடு பட்ட இடத்தில் 'உஸ்' என்று சத்தம் வர, சோறு வடிக்கிற மாதிரி ஒரு வாசம் எழும், துணியைத் தூக்கினால் பள்ளம் பாதியாகியிருக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையை எனக்குப் பிடிக்கும். வெட்டுப்பட்ட காயம் எழும்பாது, அதை அப்படியே விடுங்கள்.

சாண்ட்பேப்பர் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். இரும்பைத் தொடுகிற விளிம்பில் தேய்க்காதீர்கள். சரியாகச் செய்த துவக்கில் அந்த விளிம்பில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். அரை மில்லிமீற்றர் கூடத் தேய்த்துவிட்டால் திரும்பப் பூட்டும்போது இரும்பு துருத்திக்கொண்டு தெரியும், பிறகு எந்தக் கடவுளாலும் மரத்தை வளர்க்க முடியாது. தொடக்கத்தில் நான் ஒரு கட்டையில் இப்படிச் செய்து, பாதிக் கூலியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இப்போது விளிம்பைச் சுற்றி இரண்டு அடுக்கு ஒட்டுநாடா ஒட்டிவிட்டுத்தான் தாளை எடுப்பேன். மற்ற இடத்தில் 240, 320, 400 என்ற இலக்கத் தாள்களைச் சின்ன மரத்துண்டில் சுற்றி, நார் ஓடுகிற பக்கமாகத் தேயுங்கள். பிடியில் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கிற இடத்துக்குத் தாளே வேண்டாம், பழைய பல் பிரஷ் போதும். கட்டையின் அடியில் முதலெழுத்து வெட்டிய வெள்ளித் தகடு இருந்தால் துணியால் துடையுங்கள், பிறாஸோ போட்டுத் தேய்த்தால் எழுத்துத்தான் அழியும். கடைசித் தாளுக்குப் பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிட நார் மயிர்மயிராக எழும்பும், அதை 600ஆம் இலக்கத் தாளால் எடுத்து, மூன்று முறை இப்படிச் செய்தால் பிறகு மழைக் குளிரிலும் மேற்பரப்பு சொரசொரக்காது.

அப்புறம் எண்ணெய். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் கொதிக்கவைத்த லின்சீட் எண்ணெய் கிடைக்கும். சில சொட்டு உள்ளங்கையில் விட்டு, கை சூடாகும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், தடிப்பாகப் பூசினால் ஒட்டும் பிசினாகி நின்றுவிடும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் ஒரு நாள் என்று எழுதியிருப்பார்கள். கொழும்புக் காற்றில், அதுவும் மழை மாதங்களில், இரண்டு மூன்று நாள் விடுங்கள். நான் பன்னிரண்டு பூச்சுப் போடுவேன், அதனால் வாடிக்கையாளரிடம் ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தவணை சொல்வதில்லை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், லின்சீட் காயும்போது சூடு கக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டியதில்லை. ஒரு அக்கா வெள்ளவத்தையிலிருந்து கொண்டுவந்த கட்டையில் கழுத்துப் பக்கம் வெடித்து, ஊர்க் கொல்லர் யாரோ பித்தளைத் தகடு சுற்றி எட்டுச் சின்ன ஆணி அடித்திருந்தார். ஆணித் தலை ஒவ்வொன்றும் விரல் பட்டுப் பட்டு உளுந்து மாதிரி மழுங்கியிருந்தது. வெடிப்புக்குள் எபொக்சி விட்டு இறுக்கினேன், தகட்டைக் கழற்றவில்லை. வயலில் பன்றி துரத்தப் போன இடத்தில் அவருடைய தகப்பன் வரம்பில் விழுந்து உடைந்ததாம், அடுத்த நாளே கட்டுவித்தாராம். அதைக் கழற்றினால் அந்தக் கதையை எங்கே வைப்பது?

காசுக்கு வருவோம். பார்ப்பதற்கு 2,000 ரூபாய் வாங்குங்கள், வேலை தந்தால் கழித்துவிடலாம். பிறகு மணித்தியாலக் கணக்கில் எழுதுங்கள், குத்துமதிப்பாகச் சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான். நான் கடைசியாகச் செய்ததில் 28 மணித்தியாலம், மணிக்கு 1,200 என்று 33,600, சாமான் 5,400, மொத்தம் 39,000. மரம் வரும் நாளில் பாதி, 19,500. தேய்த்து முடித்து முதல் எண்ணெய் ஏறிய படத்தை வட்சப்பில் அனுப்பும்போது 11,700. மிச்சம் 7,800 கட்டையைக் கையில் கொடுக்கும்போது. திருத்துநரின் கழற்றிப் பூட்டுகிற கூலியை அவரிடமே நேரே கொடுக்கச் சொல்லுங்கள், அந்தக் காசு உங்கள் கையால் போனால் அவருடைய தாமதத்துக்கும் பேச்சு நீங்கள்தான் கேட்க வேண்டிவரும்.

நம் ஆட்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லைசன்ஸ் கொழும்பில் உள்ள மூத்தவர் பெயரில், காசு அனுப்புவது கனடாவில் உள்ள தம்பி. ஒருவருக்கு மினுமினுக்க வேண்டும், மற்றவருக்கு அப்பா வைத்திருந்தபடியே இருக்க வேண்டும். பாதி வேலையில் இருவரும் மாறி மாறி அழைப்பெடுத்தால் வேலையும் நின்று காசும் நிற்கும். அதனால் என் தாளில் ஒரு வரி இருக்கிறது: லைசன்ஸ்காரர் சொல்வதே முடிவு, யார் அனுப்பினாலும் முற்பணம் திரும்பாது. கூடவே ஒரு சின்ன இடத்தில் மட்டும் எண்ணெய் போட்டுக் காட்டி, அந்தப் படத்துக்கு இருவரிடமும் 'சரி' வாங்கிவிட்டுத்தான் மீதியைத் தொடுவேன். நகை பிரிக்கிற மாதிரித்தான் இதுவும், ஆளுக்காள் மனதில் ஒரு அப்பா இருப்பார், கோபிக்காமல் கேளுங்கள்.

முடிந்த கட்டையை உரிமையாளர் திருத்துநரிடம் கொண்டுபோய்ப் பூட்டுவிப்பார். கொடுக்கும்போது சின்னப் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டாம், கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் தோல் பிடித்து வைத்து இரும்பைத் துருவாக்கும். பூட்டுப் போட்ட பெட்டகத்தில் நிறுத்தி வைக்கும்போது குழல்முனை கீழேயும் கட்டை மேலேயும் இருக்கட்டும், அப்போதுதான் இரும்புக்கு விடும் எண்ணெய் திரும்பவும் மரத்துக்குள் இறங்காது.