நட்சத்திரம் விழாத ஆய்வுகள்: ஒளித்து வைப்பதிலும் எழுதி வைப்பதிலும் நாம் விடும் பிழைகள்

ஆய்வேடு கையளிக்க ஒரு மாதம் இருக்கும்போது இறுதியாண்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம். வாசலில் நின்றபடியே, "சேர், ஒண்டும் வரல்ல" என்பார்கள்.

என்ன வரவில்லை? நெல் விளைந்தது, வெட்டியாயிற்று, காயவைத்து நிறுத்தும் ஆயிற்று. வராதது, அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் விழும் அந்தச் சின்ன நட்சத்திரக் குறி மட்டும்தான். இந்த வித்தியாசத்தை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கான அடையாளம் அது. அது விழாததால் ஒரு போகம் முழுக்கச் சேற்றில் நின்ற உழைப்பு அலுமாரிக்குப் போகிறது. தொடக்கத்தில் நானும் "பரவாயில்ல, முடிச்சுக் குடுங்க" என்று சொல்லி அனுப்பியவன்தான். அதனால் கீழே வரும் பிழைகளில் பாதி என்னுடையவை.

"இல்லை" வேறு, "தெரியவில்லை" வேறு

மூன்று அங்குலக் கண் வலையை மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் இழுத்துவிட்டு, "இந்த வாவியில கூனி இறால் இல்ல" என்று ஒருவர் சொன்னால் கரையில் நிற்கும் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். ஆனால் ஆய்வேடுகளில் இதே வசனத்தை நாம் எழுதுகிறோம். "பசளைகளுக்கிடையே வித்தியாசம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வலையின் கண் என்ன அளவு என்பதை எங்கும் எழுதுவதில்லை.

கண்ணளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏக்கருக்குச் சராசரி 25 மூடை வெட்டும் காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சேதனத் திரவப் பசளைகள், ஒன்றும் தெளிக்காத கட்டுப்பாடு ஒன்று, ஆக ஐந்து பரிகரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மீள்செய்கை, மொத்தம் இருபது பாத்தி. இறுதியாண்டு ஆய்வுகளில் அடிக்கடி காணும் அமைப்பு இது. ஒரே மாதிரி நடத்திய பாத்திகளிலும் விளைச்சல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது மாறற் குணகத்தை, 15 சதவீதம் என்று எடுப்போம். அப்படியானால் இரண்டு பரிகரிப்புகளுக்கிடையே ஏறத்தாழ 23 சதவீத வித்தியாசம் தெரிந்தால்தான் நட்சத்திரம் விழும். மூடைக் கணக்கில் அது கிட்டத்தட்ட ஆறு மூடை. ஏக்கருக்கு ஆறு மூடை கூட்டித் தரும் பசளையைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிபரவியலே தேவையில்லை. அடுத்த போகமே படுவான்கரை முழுக்க அந்தப் போத்தலோடு நிற்கும்.

உண்மையில் அந்தப் பசளை 10 சதவீதம், அதாவது இரண்டரை மூடை கூட்டித் தருவதாக இருக்கலாம். எந்தப் போடியார் அதை வேண்டாம் என்பார்? ஆனால் நமது இருபது பாத்தி வலையில் அது கண்ணுக்குள்ளால் நழுவிப் போய்விடும். 10 சதவீத வித்தியாசத்தை ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பரிகரிப்புக்கும் 35 மீள்செய்கை அளவில் வேண்டும். எந்த மாணவிக்கு அவ்வளவு காணி கிடைக்கும்?

காணி இல்லாதது பிழை அல்ல, கண்ணளவை எழுதாமல் விடுவதுதான் பிழை. "வித்தியாசம் 1.5 மூடை. நம்பிக்கை ஆயிடை 4 மூடை குறைவிலிருந்து 7 மூடை கூடுதல் வரை" என்று, உண்மை வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதினால் வாசிப்பவருக்கு உடனே விளங்கும், இந்த ஆய்வு ஒரு பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை என்று. இன்னொருவரின் ஆயிடை முக்கால் மூடை குறைவிலிருந்து ஒன்றரை மூடை கூடுதல் வரை என்றிருந்தால் அது வேறு கதை. அது உண்மையாகவே ஒரு "இல்லை". அங்கே பெரிய பலன் ஒளிந்திருக்க இடமே இல்லை. இரண்டு அட்டவணையிலும் நட்சத்திரம் இல்லை, ஆனால் ஒன்று வெறுங்கை, மற்றது விடை.

1887இல் மைக்கல்சனும் மோர்லியும், ஒளி பரவும் ஊடகம் என்று அன்று நம்பப்பட்ட ஈதரைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிய கதை பாடப்புத்தகம் படித்த எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அவர்கள் "கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதவில்லை என்பது. ஒளிப்பட்டைகளில் எதிர்பார்த்த இடப்பெயர்ச்சியில் இருபதில் ஒரு பங்குகூட நிச்சயமாக இல்லை என்று அளவோடு எழுதினார்கள். வலைக் கண்ணை அவ்வளவு சிறிதாகப் பின்னியிருந்ததால்தான் அந்த "இல்லை" இயற்பியலையே அசைத்தது.

லாச்சிக்குள் போனவை

"என்ர ஆய்வு சின்னது, அதப் போட்டு யாருக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு அதே கணக்கைத்தான் நீட்டிக் காட்டுவேன்.

10 சதவீதம் கூட்டித் தரும் அந்தப் பசளையைக் கரடியனாறு, வெல்லாவெளி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று பத்து இடங்களில் பத்துப் பேர் தனித்தனியாக இருபது பாத்தி போட்டுப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். நட்சத்திரம் விழுவது சராசரியாக ஒருவருக்குத்தான். அந்த ஒருவரின் அட்டவணையில் பலன் 23 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும். குறைந்தால்தான் நட்சத்திரமே விழாதே! அவர் கட்டுரை போடுகிறார், மற்ற ஒன்பதும் மேசை லாச்சிக்குள் போகின்றன. இனி உலகத்துக்குத் தெரிவது, "இந்தப் பசளை விளைச்சலை நாலில் ஒரு பங்கு கூட்டும்" என்பதுதான். கள்ளம் செய்தவர் யாருமில்லை, பத்துப் பேரும் நேர்மையாக நிறுத்தவர்கள். ஆனாலும் வெளியே போனது பொய்.

பத்தையும் ஒன்றாகப் போட்டால்? சராசரி 10 சதவீதத்தை ஒட்டி வரும், கூடக்குறைய 7 சதவீதம். தனித்தனியே ஒன்றுமில்லாமல் போன ஒன்பதும் அந்த ஒன்றோடு சேர்ந்து ஒரு நல்ல விடையைத் தருகின்றன. பெரிய காணியும் பெரிய நிதியும் இல்லாத நம்மைப் போன்ற இடங்களுக்குத்தான் இது இன்னும் தேவை. சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

1979இல் உளவியலாளர் றொபேர்ட் ரோசென்தால் இதற்கு லாச்சிப் பிரச்சினை என்றே பெயர் வைத்தார். பசளையில் என்றால் காசோடு போகும். மருந்தில் அப்படியில்லை. 1980இல் மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் லோர்கெய்னைட் என்ற மருந்தைக் கொடுத்து இங்கிலாந்தில் சோதித்தார்கள், நூற்றுக்கும் குறைவான நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள், வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார்கள். மருந்தும் வணிகக் காரணத்தால் கைவிடப்பட்டது, முடிவு லாச்சிக்குப் போனது. அதே வகையான வேறு மருந்துகள் தொடர்ந்து பாவனையில் இருந்தன. அவற்றில் இரண்டு மரணத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்று கண்டது 1989இல். லோர்கெய்னைட் முடிவு அச்சில் வந்தது 1993இல். முன்பே போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

மனச்சோர்வு மருந்துகள் பற்றி 2008இல் வந்த ஒரு கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளில் 38 சாதகமானவை, அவற்றில் 37 அச்சேறின. மற்ற 36இல் 22 வெளிவரவேயில்லை, 11 சாதகமானவை போலத் திருப்பி எழுதப்பட்டன, உள்ளபடி வந்தவை மூன்றுதான். வைத்தியர் ஒருவர் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசித்திருந்தாலும் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

நட்சத்திரம் தேடி அலைவது

லாச்சியில் போட மனமில்லாதவர்கள் செய்யும் வேலை இது. விளைச்சலில் வரவில்லையா, பயிர் உயரத்தைப் பார். உயரத்தில் இல்லையா, மட்டம் எத்தனை வெடித்தது என்று பார். பதர் சதவீதம், ஆயிரம் மணி நிறை, இலைப் பச்சையம், வேர் நீளம்... எங்காவது ஒன்றில் விழும். விழாமல் என்ன செய்யும்? எந்தப் பலனும் இல்லாத பசளையை ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவீடுகளில் சோதித்தால், ஒன்றிலாவது பொய் நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிறகு முன்னுரையைத் திருத்தி, தொடக்கத்திலிருந்தே வேர் நீளத்தைத் தேடித்தான் போனோம் என்பது போல எழுதிவிடுவோம். மேற்பார்வையாளரும் சந்தோசம், பிள்ளையும் சந்தோசம்.

இதற்கு மருந்து, விதைக்க முன்னமே எதை அளந்து முடிவு சொல்லப்போகிறோம் என்று எழுதித் திகதி போட்டு வைப்பது. மனிதர்களில் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு இலங்கையிலேயே பதிவேடு இருக்கிறது. 2006இல் இலங்கை மருத்துவச் சங்கம் தொடங்கியது, உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முற்பதிவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம் நிதி கொடுத்த பெரிய ஆய்வுகளில் 2000க்கு முன்னர் 30இல் 17 பலன் உண்டு என்றன. அதன் பின்னர் வந்த 25இல் அப்படிச் சொன்னவை இரண்டுதான். இடையில் மாறியவற்றில் முக்கியமானது, எதைப் பார்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் கட்டாயம். வயல் ஆய்வுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்தாலே போதும்.

பூச்சியம் வந்த நாட்கள்

இறங்குதுறையில் நின்று மீன் அளப்பவர்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்று உண்டு. மீனோடு வந்த தோணியை மறித்து நிறுப்பார்கள். "இண்டைக்கு ஒண்டும் படல்ல" என்று வலையை உதறிவிட்டுப் போனவரின் பெயர் தாளில் ஏறாது. மாத முடிவில் தோணிக்கு இத்தனை கிலோ என்று சராசரி போட்டால் வாவி செழிப்பாகத் தெரியும். மீன் குறையக் குறைய வெறுங்கையோடு திரும்பும் தோணிகள் கூடும், அவற்றை நாம் எண்ணுவதேயில்லை. கடைசியில், குறைவது நமது தாளில் தெரிய வரும்போது கரையில் இருப்பவர்களுக்கு அது பழைய செய்தியாகிவிட்டிருக்கும்.

வாவிக்கடியில் இருந்து இரவில் கேட்பதாகச் சொல்லப்படும் நமது பாடும் மீனுக்கும் இதே கதிதான். அன்றைய இலங்கை அரசின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்து தோணியில் போய்க் கேட்டு எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை கேட்டவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பூரணையன்று பாலத்தடியில் விடிய விடியத் துடுப்பில் காதை வைத்திருந்து, நுளம்புக்கடி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த அமைதியான இரவுகளின் கணக்கு இருந்திருந்தால், எந்த மாதம், எந்த நீர்மட்டம், முகத்துவாரம் வெட்டியிருந்ததா மூடியிருந்ததா என்றெல்லாம் பார்த்திருக்கலாம். இப்போது கையில் இருப்பது கதைகள்தான். நல்ல கதைகள், அதை நான் மறுக்கவில்லை.

டெங்குக் குடம்பி தேடும்போதும் இதே கவனம் வேண்டும். 30 வீட்டுக் கிணறு பார்த்து ஒன்றிலும் இல்லை என்றால் "ஊரில் இல்லை" என்று எழுதக்கூடாது. எழுமாறாகத் தெரிந்தெடுத்த 30இல் பூச்சியம் என்றால் உண்மை அளவு 10 சதவீதம் வரை இருக்கலாம், 300இல் பூச்சியம் என்றால் 1 சதவீதம் வரை. மூன்றை எண்ணிக்கையால் பிரியுங்கள், அவ்வளவுதான்.

யானை மிதித்தது முடிவு ஆகாது

எதையாவது பகிரச் சொன்னால் சிலர் எல்லாவற்றையும் பகிரக் கிளம்பிவிடுவார்கள். நட்ட நடுச் சாமத்தில் யானை புகுந்து பாதிப் பாத்தியை மிதித்தது, 2024 நவம்பர் வெள்ளத்தில் ஒரு கிழமை பயிர் தாண்டிருந்தது, தெளிகருவி அடைத்திருந்ததை மூன்றாம் தெளிப்பில்தான் கண்டார்கள். பூச்சிய முடிவு என்றால் சரியாகத் தேடியும் வித்தியாசம் தெரியாதது. இவை அப்படியல்ல, கேள்வியே கேட்கப்படவில்லை. அதனால்தான் பலன் நிச்சயம் தெரிய வேண்டிய பாத்தி ஒன்றும் ஆய்வில் இருக்க வேண்டும். சிபாரிசு செய்த அளவு யூரியா போட்ட பாத்தியும் ஒன்றும் போடாத பாத்தியும் ஒரே விளைச்சல் தந்தால், குறை பசளையில் அல்ல, வயலில் அல்லது கையில். அறக்கொட்டியானுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துப் பார்க்கிறீர்களா? கட்டுப்பாட்டுப் பாத்தியில் அறக்கொட்டியான் வந்ததா என்பதை முதலில் எழுதுங்கள். பூச்சியே வராத போகத்தில் எல்லாக் கரைசலும் ஒன்றுதான்.

எழுதும்போதும் சொல்லும்போதும்

மன்னிப்புக் கேட்கும் குரலை விடுங்கள். "துரதிர்ஷ்டவசமாக", "எதிர்பாராத விதமாக" என்று தொடங்கும் வசனங்களை நான் சிவப்பு மையால் வெட்டுவேன். அதே மை "பயனற்றது என நிரூபிக்கப்பட்டது" என்பதற்கும் விழும். என்ன இனம், விதைத்த திகதி, மண் வகை, எந்த வாய்க்கால் தண்ணீர், கரைசல் எத்தனை நாள் புளித்தது, ஏக்கருக்கு எத்தனை லீட்டர், எத்தனை தாங்கி, இவையெல்லாம் வேண்டும். வெற்றி பெற்ற ஆய்வில் ஒரு விபரம் விடுபட்டால் ஆட்கள் கேட்டு எழுதுவார்கள். பூச்சிய முடிவில் விடுபட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், "சரியாச் செய்யல்ல போல" என்று புரட்டிவிடுவார்கள்.

போட இடமில்லை என்ற சாட்டும் இப்போது அவ்வளவு எடுபடாது. முடிவைப் பாராமல் செய்முறையை வைத்து ஏற்கும் சஞ்சிகைகள் இருக்கின்றன, 2006இல் தொடங்கிய பிளொஸ் வன் அந்த வகை. கட்டணம்தான் நமக்குச் சுடும், விலக்குக் கேட்டு எழுதிப் பார்க்க வேண்டும். ஒன்றும் சரிவராவிட்டால் செனோடோ போன்ற இலவசக் களஞ்சியத்தில் தரவையும் நான்கு பக்கக் குறிப்பையும் ஏற்றிவிடலாம். அங்கே ஏற்றியதற்கு நிரந்தர எண் கிடைக்கும். பத்து இடத்து ஆய்வைச் சேர்க்கப் போகிறவருக்கு அது போதும்.

ஆனால் சஞ்சிகையோடு நின்றுவிடக்கூடாது. காணி தந்தவர் வட்டையில் இருக்கிறார், அவருக்கு ஆங்கிலக் கட்டுரை எதற்கு? வயல் விழாவில் அவர் கேட்கப் போவது ஒரே கேள்விதான்: "அப்ப தம்பி, இத அடிக்கிறதா, வேணாமா?" நட்சத்திரம் விழுமா என்று தீர்மானிக்கும் பீ பெறுமானத்தை அங்கே கதைக்க ஏலாது. "காக்கா, இந்த வயல்ல, இந்த மாரி வெள்ளாமையில, கூடினாலும் ஏக்கருக்கு ஒண்டரை மூடைக்கு மேல கூடாது" என்று சொல்லலாம். மருந்துக்கும் ஆள்கூலிக்குமாக ஏக்கருக்கு இரண்டு மூடைக் காசு போகிறதென்றால், நீங்கள் அடுத்த படத்தைக் காட்ட முன்னமே அவர் சாரத்தை உதறிக்கொண்டு எழும்பியிருப்பார்.