‘மெதுவாகப் போகிறது’ என்று சொல்வதற்கு முன்: லேபர் ரூமில் புதிய மிட்வைஃப் செய்ய வேண்டியவை

லேபர் ரூமுக்குப் புதிதாக வரும் மிட்வைஃபுக்குச் சில வாரங்களிலேயே ஓர் எரிச்சல் தட்டிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவத்தில் பனிக்குடத்தை உடைக்கிறார்கள், வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள், கடைசியில் பிறப்பு வழியை அகலமாக்கக் கத்தரியும் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “மெதுவாகப் போகிறது” என்று பதில் வரும். எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் வாதாடி ஜெயிப்பது அரிது. கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதும் எண்களுக்குத்தான் அங்கே மதிப்பு.

முதலில், எந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்கிறார்கள் என்று பாருங்கள். வீண் தலையீடுகளில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. கருப்பை வாய் 3 செ.மீ. திறந்திருக்கும்போதே படுக்கையில் சேர்த்து, மணிக்கு 1 செ.மீ. என்று எதிர்பார்த்தால் அந்தப் பெண் சேர்ந்த நேரத்திலிருந்தே ‘தாமதம்’தான். அந்த மணிக்கு ஒன்று கணக்கு 1950களில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் வரைந்த வளைகோட்டோடும், 1972இல் ஃபில்பாட், காஸில் என்ற மருத்துவர்கள் பார்டோகிராஃபில் (பிரசவம் முன்னேறுவதைப் பதியும் வரைபடம்) போட்ட எச்சரிக்கைக் கோட்டோடும் பழக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் இதைத் திருத்திவிட்டது: பிரசவத்தின் தீவிர நிலை தொடங்குவது 5 செ.மீ.யில், மணிக்கு 1 செ.மீ. திறக்கவில்லை என்பது மட்டுமே தலையிடக் காரணம் ஆகாது.

ஆகவே 3, 4 செ.மீ.யில் வருபவருக்கு ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், குழந்தையின் துடிப்பு எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் ‘ஆரம்ப நிலை’ என்றே எழுதுங்கள். நடக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். லேபர் ரூம் கட்டில் வேண்டாம். பனிக்குடம் உடைந்தவர், ரத்தப்போக்கு உள்ளவர், முன்பு சிசேரியன் ஆனவர், குழந்தையின் அசைவு குறைந்ததாகச் சொல்பவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்களை உடனே டாக்டர் பார்க்க வேண்டும்.

5 செ.மீ. ஆனதும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட லேபர் கேர் கைடு என்ற பதிவுப் படிவத்தைத் தொடங்குங்கள். அதில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி வரம்பு உண்டு: திறப்பு மாறாமல் 5இல் 6 மணி நேரம், 6இல் 5, 7இல் 3, 8இல் இரண்டரை, 9இல் 2 மணி நேரம் ஆனால்தான் எச்சரிக்கை. உள் பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும், முடிந்தவரை ஒரே ஆளின் கையால். ஆள் மாறினால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே வரும். அந்த ஒரு சென்டிமீட்டரை நம்பி டிரிப் ஏற்றிவிடுவார்கள்.

ஒரு தலையீடு அடுத்ததை இழுத்து வரும் விதத்தையும் புரிந்துகொள்ளுங்கள். பனிநீர் என்ற மெத்தை போனதும் வலி கூர்மையாகும். குழந்தையின் தலை இறங்காமல் மேலே இருக்கும்போது பனிக்குடத்தை உடைத்தால் தொப்புள் கொடி நழுவி வரும் அபாயமும் உண்டு. ஆக்சிடோசின் ஏறினால் வலி இன்னும் நெருங்கும், தாங்க முடியாமல் எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு மருந்து) கேட்பார். அது போட்டதும் முக்கும் உணர்வு மங்கும், டிரிப்பைக் கூட்டுவார்கள், குழந்தையின் துடிப்பு இறங்கும். அந்த நேரத்தில் குழந்தையை இழுத்தெடுக்கும் வேக்குவம், ஃபோர்செப்ஸ் கருவிகள், சிசேரியன் எல்லாம் உண்மையிலேயே தேவைப்பட்டுவிடும்.

அதனால் ‘மெதுவாக’ என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் சிறுநீர்ப்பையைப் பாருங்கள். நிறைந்த பை தலையை இறங்க விடாது. இரண்டு மணிக்கொரு தரம் போய்வரச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்தாரா? மல்லாந்தே படுத்திருக்கிறாரா? குழந்தையின் பிடரி அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்க வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று மாற்றிப் பாருங்கள். கூட ஒரு துணை இருக்கட்டும். அறையில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் குறையட்டும்.

சிக்கல் இல்லாத பெண்ணுக்கு, சேர்க்கும்போதே சி.டி.ஜி. பெல்ட் (குழந்தையின் துடிப்பையும் வலியையும் தொடர்ந்து பதியும் கருவி) கட்டுவது பரிந்துரையில் இல்லை. துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியோ, காதில் வைத்துக் கேட்கும் பினார்டு குழலோ போதும், கேட்கத் தெரிய வேண்டும். ஒரு கை வயிற்றின் மேல் இருக்க, வலி நடக்கும்போதே தொடங்கி முழு ஒரு நிமிடம், வலி அடங்கிய பிறகும் குறைந்தது 30 செகண்ட் கேளுங்கள். அம்மாவின் நாடியை மறு கையால் பிடித்து, கேட்பது அவருடையது அல்ல என்று உறுதி செய்யுங்கள். முதல் கட்டத்தில் 15–30 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. 20 செகண்ட் கேட்டு மூன்றால் பெருக்கினால் வலிக்குப் பிந்தைய சரிவு காதில் விழாமலே போகும்.

டாக்டரிடம் சொல்லும்போது புகார் வேண்டாம், விவரம் சொல்லுங்கள்:

“டாக்டர், முதல் பிரசவம். 6 செ.மீ.க்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. பத்து நிமிடத்தில் மூன்று வலி, 40 செகண்ட். துடிப்பு 136, வலிக்குப் பின் இறங்கவில்லை. பனிக்குடம் உடையவில்லை. நடந்துகொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே பார்த்துச் சொல்லட்டுமா?”

கடைசி வரியில் நேரம் குறிப்பது முக்கியம். யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பல நேரம் “உடைத்துவிடு” என்று உத்தரவு வருகிறது. அப்போதும் உடைக்கத்தான் வேண்டும் என்றால் காரணத்தைக் கேட்டு, நேரத்தோடு எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

10 செ.மீ., அதாவது முழுத் திறப்பு, ஆனதாலேயே “முக்கு” என்று கத்த வேண்டாம். உணர்வு வரும்வரை காத்திருங்கள். முதல் பிரசவத்தில் 3 மணி நேரம், அடுத்தவற்றில் 2 மணி நேரம்வரை இந்தக் கட்டம் போகலாம். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைப் பெரினியத்தில் (பிறப்பு வழிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) வைத்திருப்பது பெரிய கிழிசலைக் குறைக்கும். வழக்கமாக எல்லோருக்கும் எபிசியாட்டமி (பெரினியத்தைக் கத்தரியால் வெட்டுவது) போடுவதும், வயிற்றை மேலிருந்து அமுக்குவதும் கூடாது.

துடிப்பு 110க்குக் கீழ் அல்லது 160க்கு மேல் நிற்பது, ஒவ்வொரு வலிக்குப் பின்னும் சரிவது, கெட்டியான பச்சைப் பனிநீர், ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். டிரிப் ஓடும்போது வலி ஐந்தைத் தாண்டினால் முதலில் டிரிப்பை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

எல்லா ஊசியும் வீண் என்ற முடிவுக்கும் சிலர் வந்துவிடுவதுண்டு. குழந்தை பிறந்தவுடன் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் அந்தக் கணக்கில் சேராது, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுப்பது அதுதான். ஊசி போட்டாயிற்று என்பதற்காகக் கொடியை உடனே வெட்டவும் வேண்டாம். குழந்தைக்கு மூச்சுக்கு உதவி தேவைப்படவில்லை என்றால் குறைந்தது ஒரு நிமிடம் அம்மாவின் மேலேயே கிடக்கட்டும், பிறகு கிளாம்ப் போடலாம்.