ஆங்கிலம் புதிதாய்க் கற்போருக்கு ஒரு நாள் வகுப்பு: முதன்முறை பாடம் எடுப்பவர்களுக்கான செய்முறை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களும், பள்ளியில் ஆங்கிலத்தை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றும் அதில் வாய் திறந்து பேசத் தயங்குபவர்களுமாகப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு எழுந்து போகும்போது, தம்மைப் பற்றி மூன்று வாக்கியங்களையாவது அவர்கள் பலகையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு அந்த ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரே ஒரு வாக்கிய அமைப்பு

எதைக் கற்பிப்பது என்பதை முந்தைய இரவே முடிவு செய்துவிடுங்கள். "நான் தையற்காரர்" என்னும் தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கிடையாது. பெயரே பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் நம்மவர்கள் "ஐ டெய்லர்" என்கிறார்கள். ஆகவே "ஆம்", "இஸ்", "ஆர்" ஆகிய மூன்று சொற்கள் மட்டுமே முதல் நாள் பாடம். காலங்களின் அட்டவணையை அன்று தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: புத்தகத்துக்கு முன் வாய்

முதல் அரை மணி நேரம் ஒலிகளுக்கு. தமிழில் "ப" என்பது ஓர் எழுத்து; ஆனால் "பல்" என்று சொல்லும்போது ஒருவிதமாகவும், "அம்பு" என்று சொல்லும்போது வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்து, தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். "பஸ்" என்பதன் முதல் ஒலி "அம்பு" என்பதில் ஏற்கெனவே தம் வாயில் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொள்ளும் நொடியில் பாதி அச்சம் விலகிவிடும். "பென்" என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் காற்று சற்று வேகமாக வெளியேறும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்தால், "பென்" என்னும்போது அது அசையும். "பஸ்" என்னும்போது அநேகமாக அசையாது.

அடுத்தது சொல்லின் முடிவு. வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்பதில்லை என்பது தமிழின் மரபு. அதனால் "கேட்" என்பது "கேட்டு" ஆகிறது, "புக்" என்பது "புக்கு" ஆகிறது. சொல்லின் முதலிலும் மெய் நிற்காது என்பதால் "ஸ்கூல்" நம் நாவில் "இஸ்கூல்" ஆகிறது. இதை அவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். தம் நாக்கு தம் மொழியின் இலக்கணப்படி நடக்கிறது என்று தெரிந்தவர், தவறு நேர்ந்தாலும் கூனிக்குறுக மாட்டார். திருத்துவதற்கு "கேப்" என்னும் சொல் நல்ல பயிற்சி: உதடுகளை மூடியதும் அப்படியே நிறுத்தி, மனத்துக்குள் ஒன்று எண்ணிய பிறகு திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பலகையில் ஒரு வரி

"ஐ ஆம்" என்று எழுதி, அடுத்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொருவரும் தம் தொழிலைச் சொல்லி நிரப்பட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பற்றியும், வீட்டில் இருப்பவரைப் பற்றியும் சொல்லவையுங்கள்.

இங்கேதான் நிதானம் தேவைப்படும். என் வகுப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தம் தாயாரைப் பற்றி "தே ஆர் அட் ஹோம்" என்றார். "ஷீ" என்று திருத்தியபோது, "பெத்த தாயை 'அவள்'னு சொல்ற மாதிரி ஆகாதா சார்?" என்று கேட்டார். "அவங்க" என்னும் சொல்லில் உள்ள மரியாதையை அவர் ஆங்கிலத்திலும் தேடினார். ஆங்கிலத்தில் "ஷீ" என்பது அவளுக்கும் அவருக்கும் பொது, "யூ" என்பது "நீ", "நீங்கள்" இரண்டுக்கும் பொது என்று அப்போதே விளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயதில் மூத்தவரைப் பார்த்து "யூ" என்று சொல்லவே வகுப்பு தயங்கும். "அவர்" என்பது தமிழில் இருபாலுக்கும் பொதுவாதலால், சிலர் பெண்களையும் "ஹீ" என்பார்கள். அதற்கு விளக்கத்தைவிடக் குடும்பப் புகைப்படம் உதவும். படத்தில் ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டிப் பத்து முறை சொல்லட்டும்.

நான்காம் படி: இருவர் இருவராகப் பேச்சு

உணவு இடைவேளைக்கு முன் இருபது நிமிடம் போதும். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். காதில் விழும் பிழைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு படிவத்தை நிரப்புதல்

பிற்பகலில் தூக்கம் வரும். ஆதலால் கைக்கு வேலை கொடுங்கள். வங்கிச் சலான் போன்ற படிவத்தைப் பிரதியெடுத்து ஆளுக்கொன்று தாருங்கள். ஆங்கில எழுத்துகள் 26 என்றாலும், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என 52 வடிவங்களை அவர்கள் அடையாளம் காண வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தப் பிரிவே இல்லை. முதல் நாளில் பெரிய எழுத்துகள் மட்டும் போதும், படிவங்கள் பெரும்பாலும் அவற்றையே கேட்கின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் கட்டங்களில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அந்தக் கட்டங்கள் பொருந்துவதில்லை. அவரவர் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் எழுதிப் பழகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பலகையை அழித்த பிறகு

கடைசி அரை மணி நேரத்தில் பலகையை அழித்துவிட்டு, ஒவ்வொருவரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்று வாக்கியம் சொல்லவையுங்கள். முன்னால் வந்து நிற்கச் சொல்ல வேண்டாம், அது இன்னொரு நாளுக்கு. எல்லோரும் சென்ற பின் குறிப்பேட்டைத் திறந்து, எந்தப் பிழை அதிகம் பேரிடம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை அதிலிருந்து தொடங்கலாம்.