பார்சல் எங்கே? டிராக்கிங் எண்ணில் நாம் செய்யும் தவறுகள்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு மிக்ஸி ஜாருக்காகக் காத்திருந்தேன். ஐந்து நாளாகக் கூரியர் தளத்தில் எண்ணை அடித்து அடித்துப் பார்க்கிறேன், "தவறான எண்" என்றே வருகிறது. கடைசியில் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு நன்றாகக் கத்திவிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சார், நீங்க சொல்றது ஆர்டர் நம்பர். ஏடபிள்யூபி நம்பர் இருந்தா சொல்லுங்க" என்றார். இருந்தது. அதே குறுஞ்செய்தியில், இரண்டு வரி கீழே. ஜார் அன்று காலையே எங்கள் ஊர் கிளைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இந்தத் தவறைத்தான் பெரும்பாலானோர் முதலில் செய்கிறார்கள். ஆர்டர் எண் என்பது கடைக்கும் நமக்கும் இடையிலான கணக்கு. அமேசானில் மூன்று இலக்கம், ஏழு இலக்கம், ஏழு இலக்கம் என்று கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். ஃபிளிப்கார்ட்டில் 'ஓடி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பார்சலைச் சுமந்து வருகிற கூரியருக்கு இந்த எண்கள் பெரும்பாலும் உதவாது. அவர்கள் பார்ப்பது பெட்டி மேல் பார்கோடாக ஒட்டியிருக்கும் எண்ணைத்தான். அதற்கும் ஒரே பெயர் கிடையாது. ஒருவர் டிராக்கிங் ஐடி என்பார், இன்னொருவர் கன்சைன்மென்ட் நம்பர் என்பார், பழைய கூரியர் அலுவலகங்களில் டாக்கெட் நம்பர். ஏடபிள்யூபி என்பது 'ஏர் வே பில்'லின் சுருக்கம். விமானச் சரக்கில் பிறந்த பெயர். பார்சல் சேலத்தில் இருந்து ஈரோட்டுக்கு லாரியில் வந்தாலும் பெயர் அதேதான்.

எண்ணைத் தேடக் குறுஞ்செய்தியைக் குடைய வேண்டியதில்லை. வாங்கிய செயலியில் 'என் ஆர்டர்கள்' பகுதிக்குப் போய் அந்தப் பொருளைத் தொட்டால், எந்த நிறுவனம் கொண்டுவருகிறது, எண் என்ன என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண் சரியாக இருந்து கூரியர் பெயர் தவறினாலும் 'தகவல் இல்லை' என்றுதான் வரும். சில கடைகள் தங்கள் சொந்த ஆட்களை வைத்தே டெலிவரி செய்கின்றன. அந்த எண்ணை வெளியே எந்தத் தளத்தில் போட்டாலும் பயன் இல்லை, செயலிக்குள்தான் பார்க்க முடியும்.

ஒரே ஆர்டரில் நான்கு பொருள் வாங்கினால் எண்ணும் ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பொருள்கள் வேறு வேறு கிடங்கில் இருந்து கிளம்பினால் எண்ணும் வேறு வேறாக இருக்கும். மூன்று வந்து ஒன்று வராதபோது கடையோடு சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடலாம்.

தபால் எண்ணைப் படிப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேலை, மசாலா, ஊறுகாய் விற்கும் சிறு வியாபாரிகள் நிறையப் பேர் தபால்துறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். "ஸ்பீடு போஸ்ட் போட்டாச்சு சிஸ்டர்" என்று ரசீதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ரசீது மங்கலாக இருக்கும், படம் ஆடியிருக்கும், எண்ணின் கடைசி இரண்டு எழுத்தை அவர்களுடைய கட்டைவிரல் மறைத்திருக்கும். நாம் பாதி படித்து மீதியை ஊகித்துத் தட்டச்சு செய்வோம். அப்புறம் "போலி எண் கொடுத்துவிட்டார்கள்" என்று குழுவில் புலம்புவோம்.

தபால் எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. உலகத் தபால் ஒன்றியம் வகுத்தது. மொத்தம் 13 இடம். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இந்தியாவுக்கு 'ஐஎன்'. முதல் எழுத்து 'ஈ' என்றால் ஸ்பீடு போஸ்ட், 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல். உள்நாட்டுப் பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அதனால் பழைய ரசீதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நடுவில் உள்ள ஒன்பது இடத்திலும் எழுத்துக்கு வேலையே இல்லை. அங்கே வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், ஆங்கில 'ஓ' அல்ல. நிமிர்ந்து நிற்கும் கோடு ஒன்றுதான், 'ஐ' அல்ல. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

அந்த ஒன்பதில் ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்காக வைத்தது. முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகிய எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இல் இருந்து கழித்தால் வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்வார்கள். எட்டு இலக்கம் 12345678 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிக் கூட்டினால் 204. 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-இல் 6 போக 5. ஆக முழு எண் 123456785 என்று இருந்தால் சரி, வேறு எதுவாக இருந்தாலும் எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது. இதையெல்லாம் தினமும் யாரும் போட்டுப் பார்க்கப்போவதில்லை, தெரியும். ஆனால் அந்த மங்கல் ரசீதில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று மண்டை காயும் இரவில் இரண்டையும் போட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். நான் ஒருமுறை இப்படிக் கண்டுபிடித்துவிட்டு வீட்டில் பெருமையடித்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

விற்பவரிடம் "படம் வேண்டாம், எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்" என்று கேட்பது இதைவிடச் சுலபம். ரசீது வெப்பத்தாளில் அச்சானது என்றால் சில மாதங்களில் எழுத்தே மறைந்துவிடும். அனுப்புகிறவர் நீங்கள் என்றால் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் சொல்வதும் சொல்லாததும்

டிராக்கிங் பக்கத்தை நாம் நேரடி ஒளிபரப்பு மாதிரி பார்க்கிறோம். அது அப்படி இல்லை. அந்தப் பார்கோடைக் கடைசியாக யார், எங்கே, எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கும். இரண்டு ஸ்கேனுக்கு நடுவே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. இதை மறந்துவிடுவதால்தான் தேவையில்லாத பதற்றமும், சில சமயம் ஆபத்தான அலட்சியமும் வருகின்றன.

'லேபிள் தயார்', 'மேனிஃபெஸ்டட்' என்று காட்டினால் விற்பவர் கணினியில் எண்ணை உருவாக்கிவிட்டார் என்று மட்டுமே பொருள். பெட்டி இன்னும் அவருடைய கடை மூலையில் கிடக்கலாம். "அனுப்பிவிட்டோம்" என்ற குறுஞ்செய்தியும் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. அதை நம்பி அன்றைக்கே கூரியரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஒன்றிரண்டு நாள் பொறுத்து, அதற்கும் மேல் அசையவில்லை என்றால் கேட்க வேண்டியது விற்பவரைத்தான்.

அடுத்து, 'வழியில் உள்ளது' என்று காட்டி இரண்டு நாள் அப்படியே நிற்கும். பார்சல்களை மூட்டையாகக் கட்டி முத்திரை வைத்து அனுப்பும்போது மூட்டையைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் அல்ல. தபால் டிராக்கிங்கில் 'பேக் டிஸ்பேட்ச்டு', 'பேக் ரிசீவ்டு' என்று மாறி மாறி வருவது அந்த மூட்டையின் பயணம். போகும் வழியும் நம் கணக்குக்கு ஒத்து வராது. பக்கத்து ஊரில் இருந்து வரவேண்டிய பார்சல் நம்மைத் தாண்டிப் பெரிய ஊரில் உள்ள பிரிப்பகத்துக்குப் போய்த் திரும்பி வரும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான், ஆனாலும் அவர்களுக்கு அதுதான் சிக்கனம். "வழி மாறிப் போகிறது" என்று புகார் எழுத வேண்டாம்.

அலட்சியமாக விடக்கூடாதது 'வீடு பூட்டியிருந்தது', 'முகவரி கிடைக்கவில்லை' போன்ற வரிகள். நீங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது இப்படி வந்தால் கோபம் வரும், அது நியாயமும்கூட. ஆனால் "நாளைக்கு வருவான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே செயலியில் மறு டெலிவரி கேளுங்கள். பக்கத்துக் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ ஏதாவது அடையாளம் சொல்லுங்கள், இன்னொரு கைப்பேசி எண்ணும் கொடுங்கள். சில முயற்சிகள் தோற்றால் அடுத்த வரி 'ஆர்டிஓ' என்று வரும். வண்டி பதிவு செய்யும் அலுவலகம் இல்லை இது. அனுப்பியவருக்கே திரும்புகிறது என்று பொருள். ஒருமுறை அந்த வரி வந்துவிட்டால் பார்சலைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாடு. முன்பணம் கொடுத்திருந்தால் பணம் திரும்பி வருவதற்கும் அந்தப் பெட்டி போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

'டெலிவரி ஆகிவிட்டது' என்று காட்டுகிறது, கையில் ஒன்றும் இல்லை என்றால்? முதலில் வீட்டில் உள்ளவர்கள், அப்புறம் எதிர்வீடு, வாட்ச்மேன், முனைக் கடை என்று ஒரு சுற்று கேட்டுவிடுங்கள். டெலிவரி செய்யும் பையன்கள் மாலைக் கணக்கை முடிக்க முன்கூட்டியே 'முடிந்தது' என்று போட்டுவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுப்பதும் நடக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே திரையைப் படம் பிடித்து வைத்து, கடையில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். கடை மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஓடிபி கேட்கும் டெலிவரியில் பெட்டி கைக்கு வரும் முன் எண்ணைச் சொல்லாதீர்கள். "கீழே இருக்கேன் சார், ஓடிபி சொல்லுங்க, வாட்ச்மேன்கிட்ட வச்சிடறேன்" என்று எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் சரி.

எண் தேடி வந்தால்

இதுவரை சொன்னவற்றால் நேரம்தான் வீணாகும். இனிச் சொல்வதில் பணமே போகும்.

"உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் டெலிவரி செய்ய முடியவில்லை, இத்தனை மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் சரிசெய்யுங்கள்" என்று தபால்துறையின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி பல காலமாகச் சுற்றுகிறது. இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவித்திருக்கிறது. இணைப்பைத் தொட்டால் அசல் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும், மறு டெலிவரிக்கு என்று சின்னத் தொகை கேட்கும். அந்தத் தொகைக்காக நீங்கள் கொடுக்கும் அட்டை விவரத்தில்தான் அவர்களுக்குக் கண். எதற்காவது காத்திருக்கும் ஆளுக்கு இந்தச் செய்தி வந்தால் யோசிக்காமல் தொட்டுவிடுவார். பண்டிகைக் காலத்தில் யார்தான் எதற்கும் காத்திருக்கவில்லை?

வந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே செயலியைத் திறந்து பாருங்கள். உண்மையில் சிக்கல் இருந்தால் அங்கேயே தெரியும். யார் அனுப்பினார்கள் என்பதையும் கவனியுங்கள். நிறுவனங்களின் செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணில் இருந்து வராது, எழுத்துகளால் ஆன பெயரில் வரும். 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ஏற்பாடு இது.

கூரியர் பேசுவதாகச் சொல்லி, "டெலிவரி பையனின் எண்ணுக்கு இணைக்க *401* அடித்து இந்த எண்ணைச் சேர்த்து டயல் செய்யுங்கள்" என்பது இன்னொரு வகை. அதை அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடலாம், குரலில் வரும் ஓடிபி உட்பட. *21* என்று தொடங்கினாலும் இதே கதை. தெரியாமல் அடித்துவிட்டீர்கள் என்றால் உடனே ##002# டயல் செய்யுங்கள், அழைப்புத் திருப்புதல் எல்லாம் ரத்தாகும். பணமும் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். கூரியரின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழைப்பதும் இதே குழியில்தான் தள்ளும். அங்கே யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணைப் போட்டு வைக்க முடியும். நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குள் போய் எடுங்கள்.

எண்ணை நாமே ஊருக்குக் காட்டுவதும் உண்டு. பெட்டி வந்த மகிழ்ச்சியில் லேபிளோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். பெயர், முகவரி, கைப்பேசி எண், ஆர்டர் எண் எல்லாம் அதில் இருக்கும். காலிப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன்பும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து சின்ன உறையில் வருவதாக இருந்தால் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்று தொடங்கினால் அது வழிநெடுகக் கண்காணிக்கும் வகை அல்ல. மலிவான கட்டணத்தில் வரும் சாதாரணத் தபால் அது. தினமும் பத்து முறை பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது.

பல நேரம் எந்தத் தளத்திலும் அகப்படாத இன்னொன்று லாரி பார்சல். திருப்பூரில் இருந்து பண்டலாகத் துணி எடுப்பவர்களுக்கு இது பழக்கம், புதிதாக ஆன்லைனில் மொத்தமாக வாங்குகிறவர்கள்தான் திணறுகிறார்கள். இங்கே டிராக்கிங் எண் என்றால் எல்.ஆர். எண், அதாவது லாரி ரசீது எண். அனுப்பியவரிடம் எல்.ஆர். காப்பியையே வாங்கிவிடுங்கள். வீடுவரை டெலிவரியா, குடோன் டெலிவரியா என்று அதில் எழுதியிருக்கும். குடோன் என்றால் நாம்தான் போய் எடுக்க வேண்டும். தாமதித்தால் டெமரேஜ், அதாவது கிடங்கில் கிடந்ததற்கான கட்டணம், போடுவார்கள். குடோன் எண்ணுக்கு போன் செய்து எல்.ஆர். எண்ணை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "எந்த ஊர் லோடு, எத்தனை பண்டல்?" என்று கேட்பார்கள். அதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.