பழைய வீட்டு ஷவரில் ஸ்டாப் காக் ஒழுகுகிறதா? டைல்ஸை உடைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறை கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஷவருக்குக் கீழே சுவரில், தண்ணீரைத் திறந்து மூட இரண்டு ஸ்டாப் காக். ஒன்று வெந்நீருக்கு, ஒன்று பச்சைத் தண்ணீருக்கு. போன சித்திரையில், இரண்டையும் இறுக்கி மூடிய பிறகும் ஷவர் சொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன், கால் லிட்டர். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 6 லிட்டர். பாலாறு மணலாகக் கிடக்கிற கோடையில் அது எனக்குப் பெரிய கணக்காகத் தெரிந்தது.

பார்க்க வந்த பிளம்பர், சுவரை உடைத்து மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார். அதே டைல்ஸ் இப்போது எங்கே கிடைக்கும்? நானே கழற்றிப் பார்த்தேன். ஒரு வாஷரும், தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கொஞ்சம் நூலும் போதுமானதாக இருந்தன. பழைய ஸ்டாப் காக் ஒழுகினால் பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில்தான் இருக்கும், இரண்டையும் வெளியிலிருந்தே மாற்றலாம்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

மூடிய பிறகும் ஷவர் தலையிலிருந்து சொட்டினால் உள்ளே வாஷர் போய்விட்டது. ஆனால் குளித்து முடித்த சில நிமிடங்களுக்குக் குழாயில் தங்கிய தண்ணீர் வடியும். அது ஒழுகல் இல்லை. திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் தண்ணீர் கசிந்தால் கோளாறு கிளாண்டு நட்டில், அதாவது கைப்பிடி திருகும் தண்டைச் சுற்றி நூலை அழுத்திப் பிடிக்கும் சின்ன நட்டில். சுவரின் மறுபக்கம் ஈரம் ஊறி, பெயிண்ட் உப்பிப் போயிருந்தால் மட்டும் குழாய் இணைப்பில் கோளாறு இருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும்.

இரண்டு ஸ்டாப் காக்கில் எது சொட்டுகிறது என்று தெரியவில்லையா? கீசரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் போகும் குழாயை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம், நிற்காவிட்டால் இன்னொன்று.

தண்ணீரை நிறுத்துவது

மொட்டை மாடி டேங்குக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை மூடுங்கள். இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். பல வருடம் தொடாத வால்வு உப்பு ஏறி இறுகியிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் உள்ளே தண்டு முறியும். அப்புறம் மொத்த வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு மணி நேரம் விட்டு, கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி என்று இளக்குங்கள். அப்படியும் மூடவில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. அப்புறம் வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். கீசர் அணைந்தே இருக்கட்டும்.

கழற்றுவது

தரையில் இருக்கும் ஜாலியை ஒரு துணியால் மூடிவிடுங்கள். சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

கைப்பிடியின் நடுவில் சிவப்போ நீலமோ ஒரு மூடி இருக்கும். மெல்லிய கத்தியால் நெம்பினால் வந்துவிடும், அதன் அடியில் ஸ்க்ரூ. அதைக் கழற்றினாலும் கைப்பிடி அசையாது, ஏனென்றால் நம் போர் தண்ணீரின் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோல் கொஞ்சம் புளியைக் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றி வையுங்கள். புளியின் அமிலம் உப்புப் படிவை இளக்கிவிடும். எனக்கு ஒரு ராத்திரி ஆனது. காலையில் இரண்டு கையாலும் இப்படி அப்படி ஆட்டினேன், வெள்ளைப் பொடி உதிர்ந்து கைப்பிடி கழன்று வந்தது.

சுவரை ஒட்டிய வட்ட மூடியையும் திருகி எடுத்தால் பித்தளைப் பாகம் தெரியும். மேலே சின்னது கிளாண்டு நட், அதற்கு உள்ளே பெரிய ஆறுபட்டை நட். இந்தப் பெரிய நட்டைக் கழற்றும் முன் தண்டைத் திருகி ஸ்டாப் காக்கைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் உள்ளே அழுந்தி எல்லாம் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

ஸ்பேனரை நன்றாகப் பிடிக்க வைத்து, இடப்பக்கமாக நிதானமாக அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுவருக்குள் இருப்பது பழைய ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதன் மரை துருப்பிடித்திருக்கும். நட்டோடு சேர்ந்து ஸ்டாப் காக்கின் உடம்பே திரும்புவதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அது நமக்கான வேலை இல்லை.

வாஷர்

வெளியே வந்த தண்டின் நுனியில்தான் வாஷர் இருக்கும். எங்கள் வீட்டில் அது கறுத்து, நடுவில் மோதிரம் பதித்ததுபோல் பள்ளம் விழுந்து, விரலால் அழுத்தினால் கல்போல இருந்தது. ரொம்பப் பழைய வீடுகளில் தோல் வாஷரே இருக்கலாம். ஆம்பூரும் இராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கிற ஊருக்கு அது ஆச்சரியம் இல்லை.

அளவைக் கையால் மதிப்பிடாமல், தண்டையே காகிதத்தில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். லாங் பஜார் பக்கம் நான் போன கடைக்காரர், "பழசக் காட்டுங்க தம்பி, அரை இஞ்சுன்னு சொன்னா நாலு தினுசு இருக்கு" என்றார். வெந்நீர்ப் பக்கம் என்றால் சூடு தாங்கும் வாஷர் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

புதியதைப் பொருத்தும் முன், சுவருக்குள் வாஷர் உட்காரும் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். உப்பு இருந்தால் துணியால் துடைத்து எடுங்கள். வெட்டுப் பட்டிருந்தால் எந்த வாஷரும் நிற்காது. விளிம்பைத் தேய்த்துச் சமமாக்கும் கருவி வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அப்போதும் சுவரை உடைக்கத் தேவையில்லை.

உங்கள் கைப்பிடி கால் சுற்றிலேயே முழுதாகத் திறந்து மூடினால் உள்ளே வாஷர் இருக்காது, பீங்கான் தட்டுகள் இருக்கும். அந்த உள்பாகத்தை முழுதாகவே அதே கம்பெனியில் வாங்கி மாற்ற வேண்டும்.

கைப்பிடியடியில் கசிவு

முதலில் கிளாண்டு நட்டை வலப்பக்கம் அரைக்கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, உள்ளே மக்கிப் போன பழைய நூலை ஊசியால் கிளறி எடுங்கள். நூலுக்குப் பதிலாக டெஃப்லான் டேப்பைக் கயிறுபோல முறுக்கி, தண்டைச் சுற்றி நட்டு இறுகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று சுற்றி, நட்டைத் திரும்பப் போடுங்கள். கைப்பிடி லேசாகச் சுற்றும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

திரும்பப் பூட்டுவது

தண்டு பாதி திறந்த நிலையிலேயே, முதலில் கையால் மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஷவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு டேங்க் வால்வை மெல்லத் திறங்கள். முதலில் வரும் துருவும் உப்புத் தூளும் ஷவர் ஓட்டைகளை அடைக்காமல் வெளியே போய்விடும். அப்புறம் ஷவர் தலையைத் திரும்பப் பூட்டி, தண்ணீர் ஓடும்போதே நட்டைச் சுற்றித் துடைத்து, ஒரு செய்தித்தாள் துண்டைச் சுற்றி வையுங்கள். சில நிமிடம் கழித்தும் அது காய்ந்திருந்தால் ஸ்டாப் காக்கை மூடி, வட்ட மூடியையும் கைப்பிடியையும் போட்டுவிடலாம்.

மூடும்போது தண்ணீர் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். நின்ற பிறகும் இறுக்குவதுதான் புது வாஷரைச் சீக்கிரம் பள்ளம் விழ வைக்கிறது. மாதம் ஒரு முறை மாடி வால்வை முழுதாக மூடித் திறந்து வையுங்கள், அடுத்த முறை எண்ணெய் தேவைப்படாது.